டயர் உரசாமல் ரிம் மாற்றுவது எப்படி? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் டயர், அலைன்மன்ட் வேலை பார்ப்பவன் நான். அலோய் ரிம் மாற்றிய பிறகு டயர் உரசும் சத்தம் கேட்கிறது என்று வண்டியோடு வருகிறவர்கள் மாதம் தவறாமல் இருக்கிறார்கள். மாற்றுவதற்கு முன்பே வந்து கேட்பவர்கள் குறைவு. காசைக் கொடுத்து வாங்கிய ரிம்மைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நிற்கும்போது பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். வாங்குவதற்கு முன் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

ரிம் மாற்ற யோசிக்கிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சாரதிப் பக்கக் கதவைத் திறங்கள். கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வண்டி செய்தவர்கள் அதற்குத் தீர்மானித்த டயர் அளவும், முன்னுக்கும் பின்னுக்கும் அடிக்க வேண்டிய காற்றும் அதில் இருக்கும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாட்டியிருக்கும் டயரின் அளவைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். ஜப்பானில் இருந்து வந்த பழைய வண்டி என்றால் முந்திய உரிமையாளர் ஏற்கனவே மாற்றியிருக்கக்கூடும். மாற்றியதன் மேல் மாற்றினால் தவறும் இரட்டிப்பாகும்.

டயரில் 175/65 ஆர் 15 84 என்று இருக்கிறது. இந்த எண்கள் எதைச் சொல்கின்றன?

175 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம். அது மில்லிமீற்றர் இல்லை, அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 84 என்பது டயர் தாங்கும் பாரத்துக்கான குறியீடு. 84 என்றால் ஒரு டயருக்கு 500 கிலோ.

இதில் பலரும் தவறவிடுவது அந்த 65ஐத்தான். அது சதவீதம் என்பதால் அகலத்தை மாற்றினால் உயரமும் சேர்ந்து மாறும். 195/65 என்று போட்டால் அகலம் மட்டும் கூடுவதில்லை, டயரே உயர்ந்துவிடும்.

முழு விட்டத்தைப் போனில் உள்ள கல்குலேட்டரிலேயே பார்க்கலாம். 175ஐ 0.65ஆல் பெருக்கினால் 113.75. மேலே ஒரு பக்கச் சுவர், கீழே ஒன்று, ஆக 227.5. ரிம் 15 அங்குலம், அங்குலத்துக்கு 25.4 மி.மீ., ஆக 381. இரண்டையும் கூட்டினால் 608.5 மி.மீ. இதுதான் உங்கள் வண்டியின் அசல் விட்டம். மாற்ற நினைக்கும் டயருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

எவ்வளவு வித்தியாசம் வரை போகலாம்?

விட்டத்தில் 3 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் பிடிக்கும் கணக்கு. நான் 2 சதவீதத்துக்குள் நிற்கவே சொல்வேன்.

175/65 ஆர் 15 போட்ட அக்சியோ, அக்வா வண்டிகள் நம் ஊரில் நிறைய ஓடுகின்றன. அதையே எடுத்துக்கொள்வோம். 185/60 ஆர் 15 போட்டால் விட்டம் 603 மி.மீ., வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்லை. 195/50 ஆர் 16 போட்டால் 601.4, அதுவும் நல்ல பொருத்தம். 195/55 ஆர் 15 போட்டால் 595.5, அதாவது 2.1 சதவீதம் சின்னது. ஓடும், ஆனால் வண்டி 6 மி.மீ.க்கு மேல் தாழும். ஸ்பீடோமீற்றர் 70 காட்டும்போது உண்மையில் 68.5 தான் போவீர்கள். 205/55 ஆர் 16 என்றால் 631.9, 3.8 சதவீதம் பெரியது. அதை இந்த வண்டிக்குப் போடாதீர்கள். உரசுவது ஒரு பக்கம் இருக்க, ஸ்பீடோமீற்றர் காட்டுவதைவிடக் கூடிய வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

விட்டம் சரியாக வந்துவிட்டதே, பிறகு எப்படி உரசும்?

விட்டம் சொல்வது உயரத்தை மட்டும். டயர் உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்வது ரிம்மின் அகலமும் ஓஃப்செட்டும். நான் பார்த்த உரசல்களில் கூடுதலானவை இங்கேதான் பிறந்தவை. ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ரிம்மை நட்டநடுவில் வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நடுக்கோட்டில் இருந்து, ரிம் ஹப்பில் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) போய் உட்காரும் முகம் எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறதோ அதுதான் ஓஃப்செட். ரிம்மின் உள்பக்கத்திலோ ஸ்போக்கின் பின்னாலோ 39, 45, 50 என்று அச்சிட்டிருப்பார்கள். எண் கூடக் கூட சக்கரம் உள்ளே போகும். எண் குறையக் குறைய வெளியே வரும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ரிம் வாங்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

அசல் ரிம் 15×5 ஜே (விட்டம் 15 அங்குலம், அகலம் 5 அங்குலம்), ஓஃப்செட் 39, டயர் 175 என்று வைத்துக்கொள்வோம். டயரின் பாதி 87.5. உள்பக்கம் ஹப் முகத்தில் இருந்து 87.5 கூட்டல் 39, ஆக 126.5 மி.மீ. வெளிப்பக்கம் 87.5 கழித்தல் 39, ஆக 48.5 மி.மீ. இதுதான் உங்கள் வண்டியில் இப்போது டயர் நிற்கும் இடம்.

இப்போது 195 டயரும் 6 ஜே ரிம்மும் போடுகிறீர்கள். டயரின் பாதி 97.5. ஓஃப்செட் 45 என்றால் உள்ளே 142.5, வெளியே 52.5. அதாவது வெளியே 4 மி.மீ. மட்டும் வந்திருக்கிறது, உள்ளே 16 மி.மீ. போயிருக்கிறது. வெளியில் இருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே ஷொக் அப்சோர்பரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதே டயரை ஓஃப்செட் 35 ரிம்மில் போட்டால் உள்ளே 6 மி.மீ., வெளியே 14 மி.மீ. இப்போது பின் மட்காட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அசலைப் போலவே 39 கிடைத்தால் இரண்டு பக்கமும் 10, 10 என்று பங்கு போட்டுக்கொள்ளும்.

185 டயரை ஓஃப்செட் 39 ரிம்மில் போட்டால் இரண்டு பக்கமும் 5 மி.மீ.தான் கூடும். அழகுக்கு அலோய் வேண்டும், தலைவலி வேண்டாம் என்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. டயரில் எழுதியிருக்கும் அகலம் அதற்கென்று குறித்த ஒரு ரிம் அகலத்தில் அளந்தது. ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரும் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும். கணக்கில் அதற்கும் இடம் விடுங்கள்.

"அண்ணே, வெளியில விரல் போற அளவுக்கு இடம் இருக்கு. மறுகா ஏன் சத்தம் கேக்குது?"

ஒரு தம்பி என்னிடம் இப்படியே கேட்டார். நல்ல கேள்வி. நிறுத்தி வைத்த வண்டியில் விரலை விட்டுப் பார்ப்பது பாதிச் சோதனைதான்.

சக்கரத்தைச் சுற்றி இருப்பவை இரண்டு வகை. ஒன்று, சக்கரத்தோடு சேர்ந்தே அசைபவை. முன்னால் ஷொக், அதில் இருக்கும் ஸ்பிரிங் தட்டு, பிரேக் கலிப்பர் எல்லாம் அப்படி. பள்ளத்தில் விழுந்தாலும் ஸ்டியரிங் திருப்பினாலும் அவையும் சக்கரத்தோடே போகும். அதனால் அந்த இடைவெளி பெரிதாக மாறாது. நிறுத்திய நிலையில் 5 மி.மீ. இருந்தால் ஓடும்போதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். அது போதும்.

மற்றது, சக்கரம் அசையும்போது அசையாமல் நிற்பவை. மட்காட் ஓரம், அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை, முன் பம்பரின் மூலை, உள்பக்கத் தகடு. வண்டியில் ஆள் ஏறினால், பாலத்து மேட்டில் விழுந்தால், வளைவில் சாய்ந்தால், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் இந்த இடைவெளி குறையும். இங்கே 5 மி.மீ. வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட முடியாது. 15 முதல் 20 மி.மீ. வேண்டும்.

பின் சக்கரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில வண்டிகளில் பின் சக்கரம் மேலே ஏறும்போது தலைப்பக்கம் கொஞ்சம் உள்ளே சாயும். அதனால் மட்காட்டுக்குள் ஒதுங்கிப் போகும். அக்சியோ, விட்ஸ், ஃபிட் போன்ற சின்ன வண்டிகளில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே பீம்தான். சக்கரம் நேராக மேலே போகும், ஒதுங்காது. டயரின் தோள், அதாவது வீதியில் படும் பரப்பும் பக்கச் சுவரும் சேரும் ஓரம், மட்காட் ஓரத்தைவிட வெளியே நின்றால் போய் மோத வேண்டியதுதான்.

என் மாமாவின் அக்சியோவில் நடந்தது இதுதான். வேறு ஊரில் ஒரு கடையில் 6.5 ஜே அகல ரிம், ஓஃப்செட் 38, 195 டயர் போட்டுக்கொண்டு வந்தார். கணக்குப்படி டயர் 11 மி.மீ. வெளியே, அகல ரிம்மால் இன்னும் கொஞ்சம். கல்லடியில் தனியாக ஓட்டிப் பார்த்தார், ஒரு சத்தமும் இல்லை. பிறகு கொக்கட்டிச்சோலைத் தேருக்கு ஐந்து பேர் ஏறிப் போனார்கள். திரும்பி வரும்போது பின்னால் சர்ர் சர்ர் என்று கேட்டிருக்கிறது. வீதியின் சத்தம் என்று விட்டுவிட்டார். அடுத்த நாள் பார்த்தால் மட்காட் ஓரத்தின் உள்மடிப்பு டயரின் தோளைச் சுற்றிவரச் செதுக்கி வைத்திருந்தது. உள்ளே இருக்கும் நூல் தெரியும் அளவுக்கு ஆழம். இரண்டு புது டயரும் போய்விட்டன. மாமாவிடம் நான் முன்னமே அளந்து சொல்லியிருக்கலாம் என்கிற வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

வாங்குவதற்கு முன் வீட்டில் எப்படி அளப்பது?

ஒரு நேர்மட்டமான பலகை அல்லது இரும்பு அளவுகோல், ஒரு தூக்குக்குண்டு நூல், குழைத்த களிமண் கொஞ்சம். இவ்வளவும் போதும்.

மட்காட்டின் உச்சியில் இருந்து நூலைத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயரின் மிகவும் புடைத்த இடத்துக்கும் இடையில் எத்தனை மி.மீ. என்று குறியுங்கள். டயர் வெளியே வரக் கிடைக்கும் இடத்துக்கு அதுதான் உச்ச எல்லை. மட்காட்டின் உள்மடிப்பு எவ்வளவு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து அதையும் கழியுங்கள்.

உள்பக்கத்துக்குக் களிமண். கை போகாத இடத்தில், ஷொக்குக்கும் டயருக்கும் நடுவில் ஒரு உருண்டையை அமுக்கி மெதுவாக எடுங்கள். அது எவ்வளவு தடிப்பாக நசுங்கியிருக்கிறதோ அவ்வளவுதான் இடைவெளி. கணக்கில் டயர் உள்ளே போகப் போவது 10 மி.மீ., களிமண்ணின் தடிப்பு 12 மி.மீ. என்றால் மிச்சம் 2 மி.மீ.தான். அந்த ரிம்மை விட்டுவிடுங்கள்.

அளக்கும்போது பின் ஆசனத்தில் மூன்று பேரை உட்கார வையுங்கள். ஆள் இல்லை என்றால் டிக்கியில் இரண்டு நெல் மூட்டை வையுங்கள். நம் ஆட்கள் வண்டியை அப்படித்தானே பயன்படுத்துகிறோம்.

மாட்டிய பிறகு எப்படிச் சோதிப்பது?

மட்காட் உறை, பம்பர் மூலை, பின் மட்காட்டின் உள்மடிப்பு எல்லாவற்றிலும் சோக்குக் கட்டியால் தடவுங்கள். முழுப் பாரத்தோடு ஒரு வெட்டவெளியில் ஸ்டியரிங்கை இடது முழுவதும் திருப்பி முன்னுக்கும் பின்னுக்கும் போங்கள். பிறகு வலது. பின்னுக்குப் போகும்போதுதான் உரசும் வண்டிகள் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். வேகத்தடை ஒன்றைக் குறுக்காக ஏறுங்கள், ஒரு சக்கரம் முன்னால் ஏறும்படி. அப்புறம் இறங்கிப் பாருங்கள். சோக்கு அழிந்த இடம் உரசிய இடம்.

பி.சி.டி. என்றால் என்ன? 4×100க்கும் 4×98க்கும் 2 மி.மீ.தானே வித்தியாசம்?

நட் துளைகள் உட்காரும் வட்டத்தின் விட்டம் அது. 4×100 என்றால் நாலு துளை, வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. அந்த 2 மி.மீ.யில் நட் கோணலாக இறுகும். கையில் இறுகியது போலத்தான் இருக்கும். ஓட ஓட போல்ட் வளைந்து முறியும். துளை பொருந்தவில்லை என்றால் அந்த ரிம் உங்களுக்கு இல்லை.

2012க்குப் பிந்திய அக்சியோ, அக்வா, விட்ஸ், ஃபிட், வேகன் ஆர் எல்லாம் 4×100. அதற்கு முந்திய 141 மொடல் அக்சியோவும், பிரியஸும், பிரீமியோவும் 5×100. வெசல் 5×114.3. ஒரே பெயர் உள்ள வண்டியிலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும் என்பதால் ஆளைக் கேட்டு வாங்காமல் உங்கள் வண்டியை அளந்து வாங்குங்கள்.

புது அலோய் போட்ட பிறகு 80இல் ஸ்டியரிங் நடுங்குகிறது. பலன்சிங் செய்தும் போகவில்லை.

ரிம்மின் நடுத்துளையைப் பாருங்கள். டொயோட்டா சின்ன வண்டிகளின் ஹப் 54.1 மி.மீ. ஹொண்டா ஃபிட்டில் 56.1. தனியாக விற்கும் அலோய்களில் பல 73.1 மி.மீ. துளையோடு வருகின்றன, எந்த வண்டிக்கும் போகட்டும் என்று. அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு வளையம் போட வேண்டும். வெளிவிட்டம் ரிம்முக்கும் உள்விட்டம் ஹப்புக்கும் சரியாக இருக்க வேண்டும். விலை அதிகம் இல்லை, ஆனால் பலர் போடுவதில்லை. அது இல்லாமல் ரிம் ஒரு நூலளவு தள்ளி உட்கார்ந்தாலே நடுங்கும்.

நட்டையும் பாருங்கள். ஹொண்டாவின் அசல் நட் உட்காரும் இடம் உருண்டையானது. வெளியில் வாங்கும் அலோய்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் போட்டால் சின்னதொரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், பிறகு தளரும். புரியும் வேறு (போல்ட்டின் தடிப்பு × புரிக்குப் புரி இடைவெளி, மி.மீ.யில்): டொயோட்டா, ஹொண்டாவில் 12×1.5, சுசுக்கி, நிசானில் 12×1.25. ஒன்றை மற்றதில் பலவந்தமாக ஏற்றினால் போல்ட்டின் புரி போய்விடும்.

டொயோட்டா சின்ன வண்டிகளுக்கு நட் இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். காற்றுத் துப்பாக்கியால் அடித்து விடாமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், அது உங்கள் உரிமை. ஒரு தடவை கல்முனை போய் வந்ததும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

உள்ளே உரசுகிறது. ஸ்பேசர் போட்டு வெளியே எடுக்கலாமா?

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு. 3 அல்லது 5 மி.மீ. தட்டு என்றால், நட் போதுமான சுற்று இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போடலாம். 12×1.5 புரியில் குறைந்தது எட்டுச் சுற்று, 12×1.25இல் பத்துச் சுற்று இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நீளமான போல்ட் அடிக்க வேண்டும். அதற்கு மேல் தடிப்பு வேண்டும் என்றால் ஹப்பில் சரியாக உட்காரும் வகை, தனி போல்ட்டோடு வருவது மட்டும். ஆனால் என் கருத்து, ஸ்பேசருக்குக் கொடுக்கும் காசைச் சரியான ஓஃப்செட் உள்ள ரிம்முக்குக் கொடுங்கள். சக்கரம் வெளியே போகப் போக ஹப் பியரிங்குக்குப் பாரம் கூடும்.

மட்காட் ஓரத்தை மடித்துவிட்டால் உரசாதாமே?

உண்மைதான், பின்னால் சில மி.மீ. கிடைக்கும். ஆனால் சூடாக்காமல் மடித்தால் பெயின்ட் வெடிக்கும். கல்லடி, காத்தான்குடி, பாசிக்குடாப் பக்கம் கடல்காற்றில் உப்பு இருக்கிறது. வெடித்த இடத்தில் துரு பிடித்து ஒரு மாரி தாண்டுவதற்குள் கொப்பளிக்கும். எங்கள் கரையோரத்தில் நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் ரப்பர் வைத்தால் வண்டி உயரும், உரசாது என்கிறார்கள்.

வண்டி உயரும். ஆனால் ஸ்பிரிங்கின் ஒரு பகுதி வேலை செய்யாமல் போகிறது, மிச்சச் சுற்றுகள் முழுப் பாரத்தையும் வாங்குகின்றன. ஓட்டம் கல்லு மாதிரி இருக்கும். ஸ்பிரிங் களைத்துத் தாழ்ந்துபோனதால் உரசுகிறது என்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். பத்து வருடம் ஓடிய வண்டியில் பல நேரம் குற்றம் புது டயரில் இல்லை, பழைய ஸ்பிரிங்கில்தான் இருக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தும் பழக்கத்தைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம்.

16, 17 அங்குலத்துக்குப் போனால் அழகாக இருக்குமே?

இருக்கும். விட்டத்தை அசலோடு வைத்துக்கொண்டு ரிம்மைப் பெரிதாக்கினால் பக்கச் சுவர் மெலியும். 175/65 ஆர் 15இல் பக்கச் சுவர் 113 மி.மீ.க்கு மேல். 195/50 ஆர் 16இல் 97.5. 205/45 ஆர் 16இல் 92 தான். குழியில் விழும்போது அடியை வாங்குவது அந்தச் சுவர். அது மெலிந்தால் அடி ரிம்முக்குப் போகும்.

நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள் என்று யோசியுங்கள். கல்முனை வீதி, திருகோணமலை வீதி என்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் காபெட் வீதியில் மட்டும் ஓடுகிறவர் 16 போடலாம். வவுணதீவு, ஆயித்தியமலை, வெல்லாவெளி என்று வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குள் போய், அங்கிருந்து கிரவல் வீதியில் வயலுக்கு இறங்குகிறவர் அசல் அங்குலத்திலேயே நில்லுங்கள். மாரியில் வெள்ளம் நிற்கும்போது குழி எங்கே என்று தெரியாது. அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் வளைந்த ரிம்கள் கடைக்கு வரும்.

அகலமான டயர் மழையில் நன்றாகப் பிடிக்குமா?

ஈர வீதியில் பிரேக்குக்கு நல்ல ரப்பரும் ஆழமான பள்ளங்களும்தான் உதவும். நீர் தேங்கி நிற்கும் இடத்தில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும், ஏனென்றால் அது ஒதுக்க வேண்டிய நீர் கூட. கார்த்திகை, மார்கழியில் தேய்ந்த அகல டயரோடு ஓடுவதைவிடப் புது அசல் அளவு டயர் எவ்வளவோ பாதுகாப்பு.

கே.டி.எச். (டொயோட்டா ஹயஸ்) வானுக்குக் கார் அலோயும் கார் டயரும் போடலாமா?

இதில் நான் கடுமையாகவே சொல்வேன். அந்த வானுக்கு வருவது 195/80 ஆர் 15, பாரக் குறியீடு 107/105. 107 என்றால் ஒரு டயருக்கு 975 கிலோ. 215/65 ஆர் 16 கார் டயரின் குறியீடு 98 என்றால் 750 கிலோ. விட்டம் 693க்கு 685.9, அளவில் அழகாகப் பொருந்தும், உரசாது. ஆனால் ஒவ்வொரு டயரும் 225 கிலோ குறைவாகத் தாங்கும். பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு கதிர்காமம் போகிற வான் அது. வெயில் வீதியில் அந்த டயர் உள்ளுக்குள் சூடேறி வெடிக்கும்.

16 அங்குலம் வேண்டும் என்றால் அதே அளவிலேயே வானுக்கென்று செய்த, 109/107 குறியீடுள்ள டயர் இருக்கிறது. அதை வாங்குங்கள். போடும் ரிம்மும் அந்தப் பாரத்துக்குச் செய்ததா என்று கேளுங்கள்.

காருக்கும் இதே விதிதான். அசல் 84 என்றால் புதியதும் 84 அல்லது அதற்கு மேல்.

வேகன் ஆர்?

155/65 ஆர் 14க்கு விட்டம் 557.1. அதன் ஸ்டிங்ரே வகையில் வரும் 165/55 ஆர் 15க்கு 562.5. இரண்டுமே கம்பனி அந்த உடம்புக்கு என்று கொடுத்தவை, ஆகவே 14இல் இருந்து 15க்குப் போக விரும்புகிறவர் அந்த அளவையே எடுங்கள். 175, 185 என்று போனால் முன்னால் உரசுவதோடு பெற்றோலும் கூடக் குடிக்கும். சின்ன எஞ்ஜின் அது.

ஓட்டோவுக்கும் பைக்குக்கும் இதே கணக்குத்தானா?

விட்டக் கணக்கு அதேதான். ஓட்டோவுக்கு 4.00-8ஐ மாற்ற வேண்டாம். சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம் பியரிங்கைத் தின்றுவிடும். பைக்கில் 100/90-17 இருந்த இடத்தில் 120/80-17 போட்டால் விட்டம் 12 மி.மீ. கூடும், ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. அகலும். செயினுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 110க்கு மேல் போகாதீர்கள் என்றே சொல்வேன்.

ஜப்பானில் இருந்து வந்த பழைய அலோய் வாங்கலாமா?

வாங்கலாம், நல்ல ரிம்கள் கிடைக்கின்றன. ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை வார்ப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானின் அலோய் தரம் அது. வி.ஐ.ஏ. என்பதும் இருந்தால் இன்னும் நல்லது. பலன்சிங் மெஷினில் டயர் இல்லாமல் வெறும் ரிம்மைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், வளைவு உடனே தெரியும். உள்பக்க விளிம்பிலும் ஸ்போக் தொடங்கும் இடத்திலும் வெடிப்பு இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவுங்கள். வெல்டிங் செய்து பூசிய ரிம்மை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

டயரும் சேர்ந்து வந்தால் பக்கச் சுவரில் டொட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் பழைய ரப்பர் காய்ந்துபோயிருக்கும்.

மாட்டும் முன் ஹப் முகத்தைக் கம்பிப் பிரஷால் தேய்க்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் உப்புத்துரு அதில் படிந்திருக்கும். அதன் மேல் ரிம்மை வைத்து இறுக்கினால் நேராக உட்காராது, பிறகு கழற்றவும் வராது.

ஸ்பெயர் வீலை என்ன செய்வது?

விட்டம் புதியவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பலர் மறப்பது நட்டை. புது அலோய்க்கு வேறு நட் போட்டிருந்தால் இரும்பு ஸ்பெயருக்கு அசல் நட் வேண்டும். ஒரு பையில் போட்டு ஜக்கோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே மாட்டிவிட்டேன். பாரம் ஏற்றினால் மட்டும் லேசாக உரசுகிறது. சமாளித்து ஓடலாமா?

எங்கே உரசுகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது பிளாஸ்டிக் உறையில் மட்டும் மெல்லப் பட்டால் அவசரம் இல்லை. உறையின் கிளிப் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரியாகப் பூட்டினாலே பலருக்கு நின்றிருக்கிறது. டயர் மட்காட் தகட்டிலோ ஷொக்கிலோ படுகிறது என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள். பக்கச் சுவருக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. அது வெடிக்கும்போது வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் ஸ்டிக்கரில் உள்ள காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது ஸ்பிரிங். அப்புறம் ஒரு அளவு ஒடுங்கிய டயர், அதே ரிம்மில். 195 இருந்த இடத்தில் 185 போட்டுத் தீர்ந்த வண்டிகள் நிறைய. அதிலும் தீரவில்லை என்றால் ரிம்மை மாற்றத்தான் வேண்டும்.

அதுவரை பழைய ரிம்மைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஓடுங்கள். முக்கியமாக ஹபரணைப் பக்கம் இரவில் போகிற வேலை இருந்தால். வெலிக்கந்தைக்கும் புணானைக்கும் இடையில் யானை நடமாடும் காட்டில் டயர் வெடித்து, குடும்பத்தையும் வைத்துக்கொண்டு இருட்டில் ஜக் போடும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. பழைய ரிம்மை விற்றுவிட்டீர்கள் என்றால் சேதி சொல்லுங்கள், உங்கள் அளவில் ஒரு செட் இரவலாகக் கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்க்கிறேன்.